துணித் திரையா, உலோகத் தகடா, லீஃப் ஷட்டரா? பழைய ஃபிலிம் கேமராவில் எதை நம்பி வாங்கலாம்

பழைய மெக்கானிக்கல் கேமராவைக் கையில் எடுத்ததும் பலரும் லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ஒளியைக் குறிப்பிட்ட நேரம் மட்டும் ஃபிலிமுக்கு விடும் ஷட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்து, சத்தம் வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பூஞ்சை பிடித்த லென்ஸைக் கழற்றி வேறு மாட்டலாம். ஷட்டர் கெட்டால் பாடியையே பிரிக்க வேண்டும். சோதனையில் பாதி நேரத்தையாவது ஷட்டருக்குக் கொடுங்கள்.

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. பென்டாக்ஸ் கே1000, ஒலிம்பஸ் ஓஎம்-1, லைக்கா எம்3 போன்றவற்றில் ரப்பர் பூசிய துணித் திரை பக்கவாட்டில் ஓடும். நிக்கோர்மாட், நிக்கான் எஃப்எம், எஃப்எம்2 ஆகியவற்றில் உலோகத் தகடுகள் மேலும் கீழும் ஓடும். ரோலைஃப்ளெக்ஸ், யாஷிகா மேட் போன்றவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். இதழ்கள் விரிந்து மூடும் அதுதான் லீஃப் ஷட்டர்.

மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்று: முதல் க்ளிக்தான் உண்மையைச் சொல்லும். உள்ளே காய்ந்து இறுகிய கிரீஸ், பத்து முறை ஓட்டினால் தற்காலிகமாக இளகிவிடும். விற்பவர் உங்கள் கண்முன் படபடவென்று ஓட்டிக் காட்டினால், கேமராவைக் கால் மணி நேரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முதலில் 1 செகண்ட், அடுத்து 1/8, கடைசியில் உச்ச வேகம் என்று போங்கள்.

துணித் திரையில் பழுது கண்ணுக்குத் தெரியும். அதுதான் அதன் பெரிய பலம். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, இருட்டான அறையில் டார்ச் வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து திரைமேல் மெதுவாக நகர்த்துங்கள். எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியே பார்க்க உள்ளே மிரர் வைத்த கேமரா) என்றால் மிரர் மறைக்கும். அதனால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, மிரரை விரலால் மெல்லத் தூக்கிக்கொண்டு முன்பக்கமிருந்து பாருங்கள். ஊசித் துளை இருந்தால் நட்சத்திரம்போல மின்னும். ஃபிலிமை நகர்த்தி ஷட்டரைத் தயார்செய்யும் லீவரை இழுத்த நிலையில் ஒரு முறை, ஓடி முடிந்த நிலையில் ஒரு முறை பார்க்க வேண்டும். திறக்க முதல் திரை, மூட இரண்டாவது திரை என்று இரண்டு உண்டு; ஒவ்வொரு நிலையிலும் வேறு திரைதான் முன்னால் நிற்கும். லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டரில் (தனி ஜன்னல் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா) மறைக்க மிரர் இல்லை. மூடி போடாத லென்ஸ் வழியே வெயில் குவிந்தால் துணி பொசுங்கி ஓட்டை விழும்.

அடுத்தது உச்ச வேகச் சோதனை. வெளிச்சமான வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கிப் பிடித்து, பின்பக்கமாகப் பார்த்தபடி 1/1000-இல் அழுத்துங்கள். கட்டம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் மின்ன வேண்டும். இந்த வேகத்தில் இரண்டு திரைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். முதல் திரை கொஞ்சம் சோம்பினாலும் இரண்டாவது திரை அதை எட்டிப் பிடித்துவிடும். அப்போது ஒரு ஓரம் மங்கும். முற்றினால் அந்த ஓரம் முழுக்கக் கறுப்பாகவே இருக்கும். 1/500-இல் சீராக வந்து 1/1000-இல் மட்டும் மங்கினால், பெரும்பாலும் சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் சரியாகும். 1/250-இலேயே ஓரம் கறுத்தால் விட்டுவிடுங்கள். ஓடி முடியும் பக்கத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு கீற்று தெரிந்தால், இரண்டாவது திரை மோதித் திரும்பிக் குதிக்கிறது, அதாவது பிரேக் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அழுக்கை எடுக்காமல் ஸ்பிரிங்கை மட்டும் முறுக்கி வேகத்தைக் கூட்டிய கேமராக்களில் இது அடிக்கடி வரும்.

எல்இடி பல்பை நோக்கி இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். சில பல்புகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால், நல்ல ஷட்டரிலும் கோடு கோடாகத் தெரியும். சோவியத் ஜோர்க்கி, ஃபெட் கேமராக்களில் லீவரை இழுத்த அல்லது குமிழைத் திருகிய பிறகே வேகத்தை மாற்றுங்கள். முன்பே மாற்றினால் உள்ளே உடைய வாய்ப்புண்டு.

உலோகத் தகட்டில் ஊசித் துளைக் கவலை இல்லை. ஓட வேண்டிய தூரமும் 36-க்குப் பதில் 24 மில்லிமீட்டர்தான்; ஃப்ளாஷோடு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச வேகம் கே1000-இல் 1/60-இல் நிற்கும்போது எஃப்எம்-இல் 1/125 கிடைப்பது இதனால்தான். 1982-இல் வந்த எஃப்எம்2 உச்ச வேகத்தை 1/4000 வரை கொண்டுபோனது. பார்க்க வேண்டியது தகட்டின் முகத்தை. சாய்த்துப் பிடித்தால் வானவில் நிறத்தில் மினுங்குகிறதா? அது எண்ணெய், தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழுபடும். கறுப்புப் பிசுக்குத் துணுக்குகள் இருந்தால் அது மக்கிய ஸ்பாஞ்ச், மிரர் மேடையிலிருந்தோ கதவோரத்திலிருந்தோ விழுந்தது. விரல் பட்டு வளைந்த தகடு அடுத்ததில் உரசும். எவ்வளவு சின்ன வளைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். இவை மூன்றும் இல்லையென்றால் வேகங்கள் பொதுவாக நம்பத்தக்கவையாகவே இருக்கும்.

லீஃப் ஷட்டர்தான் பழுதை மறைப்பதில் கெட்டி. 1/125-இல் அழகாக ஓடும். 1 செகண்டில் பாதியில் நின்றுவிடும். அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை) முழுக்கத் திறந்து, அழுத்தும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பி-யில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஒரு இதழின் நுனிகூட வட்டத்துக்குள் எட்டிப்பார்க்கக் கூடாது. விட்டதும் சட்டென்று மூட வேண்டும். 'விசுக்'கென்று இல்லாமல் தயங்கி மூடினால் இதழில் எண்ணெய் ஏறியிருக்கிறது. லைட்டர் பெட்ரோலை ஊற்றி 'சரிசெய்த' ஷட்டர் சில நாள் ஓடும். கரைந்த கிரீஸ் இதழ்களிலும் கண்ணாடியிலும் படிந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். செல்ஃப் டைமர் நெம்புகோலைத் தொடவே தொடாதீர்கள். பழைய லீஃப் ஷட்டர்கள் பாதியில் சிக்கி நிற்கும் இடம் அதுதான்.

மெதுவான வேகங்களை அளக்க ஃபோனே போதும். ஸ்லோமோஷனில் நொடிக்கு 240 ஃப்ரேம் பதிவு செய்து, வெளிச்சம் தெரியும் ஃப்ரேம்களை எண்ணுங்கள். 1/8-க்கு 30 வர வேண்டும், 1/30-க்கு 8. 1/60-க்கு மேல் இந்தக் கணக்கு உதவாது. வேகமான இடைவெளி வீடியோவில் சரிந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது ஃபோன் சென்சாரின் வேலை.

அப்படியானால் எது? பக்கத்தில் நல்ல மெக்கானிக் இல்லாதவர் உலோகத் தகட்டையே எடுக்கட்டும். கண்ணால் பார்த்துக் கழிக்க முடிந்த பழுதுகள்தான் அதில் அதிகம். பழுதுபார்க்க ஆள் இருந்தால் துணித் திரை நல்ல தேர்வு, ஆனால் திரை மாற்றுவது வெறும் சுத்தம் செய்வதல்ல. கேமராவை முழுக்கப் பிரித்து, இரண்டு திரைகளின் வேகத்தையும் மறுபடி சமன்செய்ய வேண்டும். லீஃப் ஷட்டரை சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டே வாங்குங்கள்.

தூரத்திலிருந்து வாங்கினால், பின்கதவு திறந்த நிலையில் 1 செகண்ட், 1/125, உச்ச வேகம் மூன்றையும் வெட்டாத ஒரே வீடியோவாகக் கேளுங்கள். 1/1000 என்பது அசலில் 1/750 ஆக ஓடினாலும் அரை ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) குறைவான வித்தியாசம்தான். நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஸ்லைடு ஃபிலிம் போடுபவர்கள் மட்டும் ஷட்டர் வேகத்தை அளக்கும் கருவி வைத்துச் சோதித்த கேமராவையே வாங்க வேண்டும்.