காசிமேட்டு மீனில் சுஷி: வடசென்னைக்காரர்கள் கவனத்துக்கு

"இன்று காலை காசிமேட்டில் இறங்கிய மீன், மதியமே உங்கள் தட்டில் சுஷியாக!" வடசென்னையில் ஒரு ஜப்பானிய உணவகம் வாசலில் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. சுஷி என்பது வினிகர் கலந்த சோற்றோடு பெரும்பாலும் பச்சை மீன் சேர்த்துத் தரும் ஜப்பானிய உணவு. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இந்த வாசகத்தை எந்தக் கடையில் பார்த்தாலும் பச்சை மீன் பக்கம் போகாதீர்கள். குழம்புக்கும் வறுவலுக்கும் காசிமேட்டு மீனை அடித்துக்கொள்ள வேறு மீன் இல்லை. பச்சையாகத் தின்பதற்கென்று அதைப் பெரும்பாலும் பிடிப்பதுமில்லை, பாதுகாப்பதுமில்லை.

சூரையை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்காமல் நீந்துகிற மீன். அதன் உடம்பு கடல்நீரைவிடச் சூடாகவே இருக்கும். பச்சையாகப் பரிமாற வேண்டுமென்றால் பிடித்த கையோடு ரத்தம் வடித்து, செவுளும் குடலும் எடுத்து, ஐஸ் போட்ட தண்ணீரில் அமிழ்த்தி நடுச்சதை வரை குளிரவைக்க வேண்டும். பிறகு தட்டுக்கு வரும்வரை 4 டிகிரியைத் தாண்டவே விடக்கூடாது. நம் விசைப்படகுகள் நாள்கணக்கில் கடலில் தங்கி, எல்லா மீனையும் ஐஸில் அடுக்கிக் கொண்டுவருபவை. இன்று இறங்கிய மீன் என்றால் இன்று பிடித்த மீன் என்று நினைத்துவிடாதீர்கள். இறங்கியபின் ஏலத்தளத்தில் தரையில் கொட்டிக் கிடக்கும் நேரம் வேறு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்கே போகாது. அப்போதும் அதே போர்டு தொங்கினால் மீன் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

அந்தக் கடையில் எங்கள் மேசைக்கு வந்த சூரை நிகிரியில் (சோற்று உருண்டைமேல் மீன் வைத்த சுஷி) மீன் துண்டின் ஓரம் பழுப்பேறியிருந்தது. நாக்கில் வைத்ததும் மிளகைக் கடித்தாற்போல் சுருக்கென்றது. கேட்டதற்கு, "அது வசாபி சார்" என்றார் பரிமாறியவர். சுஷியோடு வைக்கும் பச்சை நிறப் பசையான வசாபியின் காரம் மூக்குக்கு ஏறி நொடியில் அடங்கிவிடும். இது உதட்டிலும் நாக்கிலும் நின்று எரிந்தது. அரைமணி நேரத்துக்குள் அதைச் சாப்பிட்ட இரண்டு பேருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலை விண்ணென்று தெறித்தது. மேலாளர் வந்து, "உங்களுக்கு மீன் அலர்ஜி போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாரம் தவறாமல் மீன் சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேருக்கு, ஒரே தட்டில், ஒரே நேரத்தில் அலர்ஜி வருமா? இது ஹிஸ்டமின் நஞ்சின் அடையாளம். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிர் குறைந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உருவானால் பொரித்தாலும், உறையவைத்தாலும், வினிகரில் ஊறவைத்தாலும் போகாது. வாடையும் வராது என்பதுதான் கொடுமை. நாக்கு சுருக்கென்றால் அந்தத் துண்டைத் துப்பிவிடுங்கள், விழுங்கிப் பார்க்காதீர்கள். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய், எந்த மீன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதைச் சொல்லுங்கள்.

அடுத்தது கானாங்கெளுத்தி. எலுமிச்சைச் சாறு பிழிந்து, "புளிப்பிலேயே வெந்துவிடும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். சதை வெளுப்பாகும், அவ்வளவுதான். அனிசாகிஸ் என்ற புழு இருந்தால் எலுமிச்சையும் வினிகரும் வசாபியும் அதை ஒன்றும் செய்யாது. புழுவைக் கொல்ல அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு, மைனஸ் 20 டிகிரியில் 7 நாள். அல்லது மைனஸ் 35-இல் கல்லாக உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம். காலையில் வாங்கி மதியம் வெட்டும் கடையில் இதற்கு நேரமே கிடையாது. பச்சை மீனுக்கு உறையவைத்ததுதான் பாதுகாப்பு. "ஃப்ரோசன் இல்லை, ஃப்ரெஷ்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 'சுஷி கிரேடு', அதாவது பச்சையாகத் தின்னத் தகுந்த தரம் என்பதும் வியாபாரப் பேச்சுதான்.

மீனைவிடச் சோற்றில்தான் பெரும்பாலான கடைகள் மாட்டும். குட்டையான, ஒட்டும் ஜப்பானிய அரிசி ஒரு கிலோவுக்கு, சர்க்கரையும் உப்பும் கரைத்த வினிகர் சுமார் 150 முதல் 200 மில்லி, சோறு சூடாக இருக்கும்போதே கலக்க வேண்டும். இது ருசிக்கு மட்டுமல்ல. வெந்த சோற்றிலும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பிழைத்திருக்கும். புளிப்பு போதுமான அளவு இருந்தால் அவை பெருகாது; அதனால்தான் சுஷி சோற்றைச் சில மணி நேரம் வெளியே வைக்க முடிகிறது. இந்தக் கடையின் சோற்றில் சர்க்கரை தித்தித்தது, புளிப்பு இல்லை. அடுத்த தட்டில் வந்தது ஃப்ரிட்ஜில் விறைத்த சோறு. நடுவில் கடித்தால் மணல்மணலாக உதிர்ந்தது. நல்ல நிகிரிச் சோறு கைச்சூட்டில் இருக்கும், வாயில் தானாகப் பிரியும். முதலில் ஒரே ஒரு வெள்ளரி ரோல் வாங்கிச் சோற்றைப் பாருங்கள். புளிப்பு இல்லையென்றால் எழுந்துவிடலாம்.

'நண்டு ரோல்' என்று விலை போட்டதில் இருந்தது நண்டுக் குச்சி, அதாவது மீனை அரைத்து நிறமேற்றியது. ஓரம் ஆரஞ்சு, உரித்தால் ஏடு ஏடாக வரும். அதில் முட்டை வெள்ளையும் கோதுமை மாவும் சேர்ப்பது வழக்கம் என்பதால் அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆபத்து. நண்டு குவிகிற காசிமேட்டுக்குப் பக்கத்திலேயே இப்படிச் செய்கிறார்கள்! 'இந்தியன் சால்மன்' என்றால் அது நம் காலா மீன். வெள்ளைச் சதை, சால்மனுக்குச் சம்பந்தமே இல்லை. சால்மன் விலை கொடுக்காதீர்கள்.

பில்லுக்கு வருவோம். மெனுவில் விலை இல்லாமல் 'மார்க்கெட் ரேட்' என்று இருந்தால் ஆர்டர் சொல்வதற்கு முன்பே எத்தனை துண்டு, எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் தானாகவே ஏறியிருந்தது, அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பில்லிலிருந்து நீக்கச் சொன்னால் கடைக்காரர் நீக்கியாக வேண்டும். தனி உணவகத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்.

உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும். எங்கள் பில்லில் இல்லை. உங்களுக்கும் இப்படி நடந்தால் தட்டு, பில், வாசல் போர்டு மூன்றையும் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போனால் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். மீனைப் பற்றிய புகார் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு, பில்லைப் பற்றியது தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு. பணம் திரும்ப வேண்டுமென்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், வக்கீல் வைக்காமலே வாதாடலாம்.