கரடி பொம்மை மூக்குக்கு எந்த மெழுகு? மலைக்குளிரில் வைத்துப் பார்த்த கணக்கு

கையால் தைக்கும் டெடி கரடிக்கு மூக்குத் தையல் முடிந்ததும் அதன்மேல் மெழுகு ஏற்றினால், தனித்தனி நூலாகத் தெரிந்த தையல் ஒரே பரப்பாகச் சேர்ந்து, மெருகேறிய தோல் போல மினுங்கும். இதற்குத் தேன்மெழுகு, பாரஃபின் மெழுகு, டப்பாவில் பசையாக வரும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு என்று மூன்றையும் கோத்தகிரியில் இருந்துகொண்டே பயன்படுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் தேன்மெழுகிலேயே நின்றுவிட்டேன். செய்து முடித்த அன்றைக்கு எது அழகு என்று பார்த்து எடுத்த முடிவு இல்லை இது, அன்றைக்கு மூன்றுமே அழகுதான். ஐப்பசி மழையும் மார்கழிக் குளிரும் கடந்த பிறகு அந்த மூக்கு எப்படி இருக்கிறது, மங்கிப்போனால் வாங்கியவரே வீட்டில் சரிசெய்ய முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

எந்த மெழுகானாலும் பொருந்தும் சில விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பெர்ல் காட்டன் நூலில் 5 அல்லது 8-ம் நம்பர் எடுத்து, இடைவெளி விழாமல் நெருக்கித் தைத்திருக்க வேண்டும். கோணல் தையலை மெழுகு மறைக்காது, மினுக்கி இன்னும் எடுத்துக் காட்டும். கைக்குழந்தை வாயில் வைத்துக் கடிக்கப்போகிற பொம்மைக்கு மெழுகே வேண்டாம், வெறும் நூல் மூக்கு போதும். பெயிண்ட் உரிக்கிற ஹீட் கன்னைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், கரடியின் மேல்துணியான மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் ரோமம், அந்தச் சூட்டுக்கு நொடியில் கருகிவிடும்.

பாரஃபின் விலை குறைவு, எந்த மளிகைக் கடையிலும் மெழுகுவத்தியாகக் கிடைக்கும், நிறம் இல்லாததால் கறுப்பு நூலும் பழுப்பு நூலும் அப்படியே தெரியும். ஆனால் குளிரில் அது நொறுங்குகிற பொருள். கரடியைத் தூக்கும்போது மூக்கு லேசாக அமுங்கும் இல்லையா, அந்த அமுக்கத்துக்கே மெல்லிய வெடிப்பு விட்டு, தையல் வரிகளுக்கு இடையில் வெள்ளைத் தூளாக நிற்கும். கறுப்பு மூக்கில் அந்த வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் வேறு எதுவும் கண்ணில் படாது. மறுபடி சூடாக்கினால் ஒட்டிக்கொள்ளும், அடுத்த குளிரில் மறுபடி வெடிக்கும். மலைக்கு இது வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன், அது நல்ல பொருள். இந்த வகையில் பெயர் பெற்ற ரெனைசான்ஸ் மெழுகு 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் பழம்பொருட்களைக் காப்பதற்காக உருவானது. சூடே வேண்டாம், துணியில் துளி எடுத்துத் தேய்த்து, உலரவிட்டு, மெருகேற்றினால் முடிந்தது. மழைநாளில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. குளிரில் வெள்ளை படியாது, விரல் ரேகையும் விழாது. குறை என்னவென்றால், அது படலமாக மேலே நிற்குமே தவிர, நூலுக்கு இடையில் உள்ள பள்ளத்தை நிரப்பாது, அதனால் தையல் வரி வரியாகத்தான் தெரியும், மினுமினுப்பும் அடக்கமாகவே இருக்கும். அதில் கரைப்பான் இருப்பதால் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தேய்க்க வேண்டும், குளிர்நாளில் அது ஒரு சிரமம். நான் இதைச் சின்னக் கரடிகளுக்குத்தான் போட்டிருக்கிறேன், பெரிய மூக்கில் பல வருஷம் எப்படி நிற்கும் என்பதில் என் அனுபவம் குறைவு.

இப்போது தேன்மெழுகு. உருக்கித் தூரிகையால் பூசுவதும் உண்டு, ஆனால் குளிர் அறையில் தூரிகை மூக்கைத் தொடும் முன்பே மெழுகு உறையத் தொடங்கி, திட்டுத் திட்டாக நிற்கும். கட்டியாகவே எடுத்து, தையல் ஓடும் திசையிலேயே அழுத்தித் தேய்ப்பதுதான் சரி. அதற்கு முன்னால் வெறும் மூக்கை ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடாக்கிவிட வேண்டும், கோயம்புத்தூரில் தைப்பவர்களுக்கு இந்த வேலை தேவைப்படாது, இங்கே இதை விட்டால் மெழுகு உள்ளே இறங்காமல் மேலேயே தங்கிவிடும். சுற்றியுள்ள ரோமத்தைக் காகிதம் வெட்டி மறைத்துவிட்டு, தேய்த்த மெழுகுமேல் சூடான காற்றைக் காட்டினால், தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகுவதால், சீக்கிரமே பளபளவென்று ஈரம் போலாகி நூலுக்குள் இறங்கும். இறங்கியதும் சூட்டை நிறுத்தி, ஓரத்தில் கட்டி நிற்பதைப் பல்குத்தும் குச்சியால் வழித்து, கொஞ்சம் ஆறியதும் பழைய பருத்தி வேட்டித் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மறுபடி மெழுகு, மறுபடி சூடு, மறுபடி துணி. ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருக்கட்டும். தடிமனாக ஒரே தடவையில் போட்டால் மேலே மெழுகு பொம்மை மாதிரி தெரியும், நூலே தெரியாது. தப்பித்தவறி ரோமத்தில் சிந்தினால் உடனே தேய்க்க வேண்டாம், நன்றாகக் குளிரவிட்டு விரலால் நொறுக்கினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

இதற்கு ஒரு பெரிய குறை உண்டு, அதுவும் குளிர் ஊரில்தான் அதிகம். சுத்தமான தேன்மெழுகு குளிரில் நாளாக நாளாக மேலே மங்கலான வெண்படலம் விடும். மெழுகில் இருக்கும் சீக்கிரம் உருகும் அம்சங்கள் மெல்ல மேற்பரப்புக்கு வந்து படிவதுதான் அது. ஊட்டியில் உறைபனி விழுகிற தை மாதத்தில் அலமாரிக்குள் வைத்த கறுப்பு மூக்குக் கரடியை எடுத்துப் பார்த்தால் சாம்பல் பூசினதுபோல் இருக்கும். எதைப் பார்த்தாலும் பூசணம் பிடிக்கிற ஊர் இது, தோல் பை, செருப்பு, புத்தகம் எதுவும் தப்பாது, அதனால் எல்லோரும் உடனே அதைத்தான் நினைக்கிறார்கள். ஊட்டியில் இருக்கும் ஒரு பெண் போனில், "அக்கா, மூக்குல பூசணம் பூத்துடுச்சுங்க, உள்ள பஞ்சும் கெட்டிருக்குமா?" என்று கேட்டார். "விரலை வெச்சு நல்லா சூடு பறக்கத் தேய்ச்சுப் பாரும்மா" என்றேன். போனை வைப்பதற்குள் மூக்கு கறுப்பாகிவிட்டது.

என் முடிவுக்கு இதுதான் காரணம். அந்த வெண்படலம் கிட்டத்தட்ட உடம்புச் சூட்டிலேயே கரைந்துவிடும், விரல் போதும், இல்லையென்றால் ஹேர் டிரையரைத் தள்ளி வைத்துச் சில நொடி காட்டினால் போதும். நகம் பட்டுக் கீறினாலும் அதே வைத்தியம்தான். வாங்கியவர் என்னிடம் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, புதிதாக எதுவும் வாங்கவும் வேண்டாம். பாரஃபின் வெடித்தால் சூடாக்கி ஒட்டவைத்தாலும் அடுத்த குளிரில் மறுபடி வெடிக்கும், டப்பா மெழுகு தேய்ந்தால் விலை அதிகமான அந்த டப்பாவை அவரும் வாங்க வேண்டும். பரிசாகக் கொடுத்த கரடிக்கு யார் அதையெல்லாம் செய்வார்கள்?

பூசணமா படலமா என்று சந்தேகம் வந்தால், படலம் மெழுகு இருக்கும் இடத்தில் மட்டும், ஒரே சீராக இருக்கும், சூட்டில் மறையும். பூசணம் ரோமத்திலும் ஓரத் தையலிலும் புள்ளி புள்ளியாகப் பரவும், ஈர வாடை அடிக்கும், எவ்வளவு சூடு காட்டினாலும் போகாது. அப்படியென்றால் மெழுகை மறந்துவிட்டு முதலில் கரடியை வெயிலில் காயவையுங்கள்.

கீழே சமவெளிக்குப் போகிற கரடியாக இருந்தால் பிரச்சனை வேறு. உருகும் சூடு வரவில்லை என்றாலும் சென்னை வெயிலில் தேன்மெழுகு இளகி நிற்கும், தூசி ஒட்டும், பிளாஸ்டிக் உறை போட்டால் அதன் மடிப்பு மூக்கில் பதியும். மே மாதம் மூடிய காரின் டேஷ்போர்டில் வைத்தால் உருகியே விடலாம். அங்கே போகிற கரடிக்குப் பூச்சைக் குறைத்துப் போடுகிறேன். ஒரு வகைப் பனை ஓலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதைக் கொஞ்சம் கலந்தால் இறுகும். நானும் கலந்து பார்த்தேன், இறுகத்தான் செய்கிறது, ஆனால் உருக வைக்க அதிகச் சூடு தேவைப்படுவதால் மொஹேர் பக்கத்தில் வைத்துச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வெளிர் ரோஸ் மூக்குக்கு மட்டும் மஞ்சள் தேன்மெழுகு வேண்டாம், நிறம் அழுக்கேறியதுபோல் ஆகிவிடும், அதற்கு மைக்ரோகிரிஸ்டலைனே நல்லது.

மெழுகு வாங்கும் இடம் முக்கியம். கடையில் தேன்மெழுகு என்று கொடுப்பதில் பாரஃபின் கலந்திருக்கலாம். சின்னத் துண்டை விரலில் பிசைந்து பாருங்கள், நல்லது குழைந்து ஒட்டும், கலப்படம் வழுக்கி உதிரும். எங்களுக்கு இங்கே குறும்பர் பழங்குடியினர் பாறைகளில் இறங்கி எடுக்கும் மலைத்தேனீ அடைகளின் மெழுகு கிடைக்கிறது, கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை இந்தத் தேன் எடுப்பவர்களோடு 1990-களிலிருந்து வேலை செய்கிறது, லாஸ்ட் ஃபாரஸ்ட் கடையிலும் தேன்மெழுகுப் பொருட்கள் விற்கிறார்கள். வாங்கிய கட்டி குளிரில் வெண்படலம் விட்டால் பயந்து திருப்பிக் கொடுக்காதீர்கள், சுத்தமான மெழுகுதான் அப்படி விடும்.