விடியக்காலைல ஐஸ் ஹாக்கி ஓடுற கோவில்பட்டி டீக்கடை

கோவில்பட்டில கிரவுண்டுக்கு போற ரோட்டுல ஒரு டீக்கடை இருக்கு, போர்டு கிடையாது, தகரக் கூரை, முன்னாடி ரெண்டு பெஞ்சு. ஹாக்கி பிள்ளைங்களை பிராக்டிஸுக்கு கூட்டிட்டு வர்றவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கடைதான், இது வெளியூர்ல இருந்து மேட்ச் பாக்க வாரவங்களுக்காக எழுதுதேன். எட்டு மாசமா வாரத்துல அஞ்சு நாள் அங்க உக்காருதேன். என் மகன் கோலி, அதாவது கோல் கீப்பர், பதிமூணு வயசு, அவன் பேடைக் கட்டிட்டு உள்ள போனான்னா ஏழு மணி வரைக்கும் எனக்கு அந்த பெஞ்சுதான்.

டீ 12 ரூபா, திக்கா இருக்கும், சீனி கம்மியா போடுங்கன்னு முன்னாடியே சொல்லிரணும் இல்லேன்னா பாயாசம்தான். கருப்பட்டி போட்ட சுக்குக் காபி அதைவிட நல்லாருக்கும், மார்கழில அதைத்தான் குடிக்கணும். பருப்பு வடை ஆறே முக்காலுக்குத்தான் எண்ணெய்ல இறங்கும், அதுக்கு முன்னாடி கேட்டா நேத்து வடையை எடுத்துத் தரமாட்டாரு, இருங்க தாயின்னு சொல்லிருவாரு, அது எனக்குப் பிடிக்கும். பிராக்டிஸ் முடிஞ்சு வாரதுகளுக்கு ஆளுக்கொரு கடலை மிட்டாய், காசு வாங்குறதில்ல. பொம்பளைங்க தனியா டீக்கடைல உக்காரக் கூச்சமா இருக்கும்னு நினைச்சா இங்க அந்தக் கவலை வேண்டாம், காலைல பாதி பெஞ்சு அம்மாமாருதான், எவனும் திரும்பிப் பாக்க மாட்டான், எல்லார் கண்ணும் டிவில இருக்கும்.

அந்த டிவிக்காகத்தான் இம்புட்டு எழுதுதேன். கடைக்கார அண்ணாச்சியோட மூத்த மகன் கனடால, டொரண்டோ பக்கம் வேலை பாக்கான், அவன் புண்ணியத்துல இங்க லேப்டாப்பை டிவில சொருகி ஐஸ் ஹாக்கி போடுதாரு, என்.எச்.எல்.னு அமெரிக்கா கனடால நடக்குற பெரிய லீக். பனிக்காலத்துல அங்க சாயங்காலம் 7 மணி மேட்ச்னா நமக்கு காலைல 5:30, பிள்ளைங்க கிரவுண்டுக்குள்ள போற அதே நேரம். எட்மண்டன்ல நடக்குற மேட்ச் மட்டும் நமக்கு 7:30க்கு மேலதான் ஆரம்பிக்கும், அதுக்குள்ள பிள்ளைங்க ஸ்கூலுக்கு ஓடிரும், அதனால எட்மண்டன் டீம்ல ஆடுற மெக்டேவிட் ரசிகனுங்களுக்கு அவன் கிழக்குப் பக்கம் வந்து விளையாடுற வாரம்தான் தீபாவளி. மேட்ச் இல்லாத அன்னைக்கு மகன் பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்த பழைய மேட்ச் ஓடும், எழுபது எண்பதுகள்ல உள்ளது. ஒரு நாள் பழசு ஒரு நாள் புதுசுன்னு ஒரே டிவில மாத்தி மாத்திப் பாக்கோம் பாருங்க, அதுலதான் சண்டையே ஆரம்பிக்குது. அந்தக் காலத்து ஆட்டக்காரன் பெருசா இன்னைக்கு உள்ளவன் பெருசான்னு.

பக்கத்து காலேஜ்ல படிக்கிற பையன் ஒருத்தன், நல்ல ஃபார்வர்டு, அவனுக்கு மெக்டேவிட்தான் எல்லாம். 2022-23ல 153 பாயிண்ட் (கோலுக்கு ஒண்ணு, கோலுக்குப் பாஸ் குடுத்த அசிஸ்ட்டுக்கு ஒண்ணு), அந்த வேகத்துல பக்கை, அதான் பந்துக்குப் பதிலா உள்ள ரப்பர் வட்டை, ஸ்டிக்கோட ஒட்டிவச்ச மாதிரி கொண்டுபோக வேற எவன் இருக்கான்னு கேப்பான். ரிட்டயர்டு பி.டி. சார் ஒருத்தர் வருவாரு, அவருக்கு எண்பதுகள்ல எட்மண்டனுக்கு ஆடுன கிரெட்ஸ்கி. சார் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு, ஏலே அந்த ஆளு போட்ட 894 கோலையும் அழிச்சிரு, வெறும் அசிஸ்ட் மட்டும் 1963 இருக்கு, அதை வச்சே இன்னிக்கும் பாயிண்ட் கணக்குல முதல் ஆளு அவன்தான், ரெண்டாவது நிக்கிற யாகருக்கு கோலும் சேர்த்து 1921தான்ம்பாரு. பையன் வாயை மூடிக்கிருவான், கொஞ்ச நேரத்துக்கு.

எனக்கு முதல் ரெண்டு வாரம் பக் எங்க போகுதுன்னே கண்ணுக்குத் தெரியல. நான் ஸ்கூல்ல இன்சைடு லெஃப்ட் ஆடுனவ, கரிசல் மண்ணு கிரவுண்டு, மழை பேஞ்சா ரெண்டு நாள் ஆட்டம் கிடையாது, பந்து எந்தக் குண்டுல பட்டு எங்க எகிறும்னு தெரியாது, அதனால எங்க ஆட்டத்துல பாதி பந்தை அடக்குறதுலயே போயிரும். இப்ப என் மகன் டர்ஃப்ல ஆடுதான், தண்ணி தெளிச்ச பச்சைத் தரை, பந்து கோடு போட்ட மாதிரி போகுது. எங்களை விட இதுக வேகமா ஆடுதுன்னா அதுல தரைக்கும் பங்கு இருக்கு. இந்தியா 1976ல மாண்ட்ரியல் ஒலிம்பிக்ல ஏழாவது இடம் வந்துச்சு, ஒலிம்பிக்ல முதல் தடவை செயற்கைத் தரை போட்டதே அங்கதான், புல் தரைல ராஜாவா இருந்தவங்க திடீர்னு கை மறந்து போயிட்டாங்கன்னு யாராவது சொல்ல முடியுமா? பழசு புதுசு பேச்சு வந்தா முதல்ல தரையைப் பாக்கணும், அப்புறம் கையில இருந்த ஸ்டிக்கைப் பாக்கணும்.

அண்ணாச்சி கல்லாவுக்கு மேல மூணு ஸ்டிக் மாட்டி வச்சிருக்காரு. ஒண்ணு அவரு ஆடுனது, ஜலந்தர்ல செஞ்ச மல்பெரி மரம், கைப்பிடித் துணி வேர்வை ஊறி கருத்துப் போயிருக்கு. மத்த ரெண்டும் மகன் கொண்டு வந்தது, பழைய ஐஸ் ஹாக்கி மர ஸ்டிக் ஒண்ணு, இப்ப உள்ள கார்பன் ஃபைபர் ஸ்டிக் ஒண்ணு. கேட்டா எடுத்துக் குடுப்பாரு, கண்டிப்பா கேட்டு வாங்கிப் பாருங்க. மர ஸ்டிக்கைத் தரைல ஊனி ஒரு கையால நடுவுல அமுக்குனா லேசா முனகிட்டு கொஞ்சம்தான் வளையும், அடி பட்டு அடி பட்டு நுனில சிம்பு சிம்பா கிளம்பி அதுக்கு மேல கறுப்பு டேப்பு சுத்தியிருக்கு. கார்பன் ஸ்டிக்கை அதே மாதிரி அமுக்குனா வில்லு மாதிரி வளையுது, கையை விட்டா அந்தத் துள்ளல் தோள்பட்டை வரைக்கும் வருது, எடைன்னு ஒண்ணு இருக்கானே தெரியல. ஷாட் அடிக்கும்போது ஸ்டிக் ஐஸ்ல அமுங்கி வளைஞ்சு நிமிருதுல்லா, அந்த விசைதான் பக்கைத் தள்ளுது. கிரெட்ஸ்கி எட்மண்டன்ல இருந்த காலம் பூரா மர ஸ்டிக்லதான் அடிச்சாரு. 1981-82ல ஒரே சீசன்ல 92 கோல், மரக்கட்டையை வச்சுக்கிட்டு. இதைக் கையில பிடிச்சுப் பாத்த அன்னைக்குத்தான் எனக்கு அந்த நம்பர் உறைச்சுது.

ஆனா நான் கோலியோட அம்மா, அதனால மறுபக்கத்தையும் சொல்லியாகணும். அந்த சீசன்ல ஒரு மேட்ச்சுக்கு ரெண்டு டீமும் சேர்த்து சராசரி 8 கோல், இப்ப 6 கிட்டத்தான். பழைய மேட்ச்ல கோலிகளைப் பாருங்க, நின்னுக்கிட்டே தடுப்பாங்க, தோலுக்குள்ள மான் முடி திணிச்ச பேடு, ஆட ஆட தண்ணி குடிச்சு கனத்துப் போகும். இப்ப உள்ளது லேசான ஃபோம், ரெண்டு முழங்காலையும் உள்பக்கம் மடக்கி தரையோட தரையா இறங்கி கீழ்பாதியை அப்படியே அடைச்சிருதாங்க, பேட்ரிக் ராய் வந்து அதைப் பிரபலமாக்குன பிறகு உலகமே அப்படித்தான் நிக்குது. அப்ப நூறு ஷாட்டுக்கு 87, 88 தடுத்தாங்க, இப்ப 90. கேக்க சின்ன வித்தியாசமா தோணும், கோல் போஸ்ட்டுக்கு முன்னாடி நிக்கிறவனைக் கேட்டுப் பாருங்க.

அதனாலதான் வாஷிங்டன் டீமோட ஒவெச்கின் எனக்கு ரொம்பப் பெரிய ஆளு. கோலிகள் இவ்வளவு தேறுன காலத்துலதான் அவரு முழுசா ஆடியிருக்காரு, 2025 ஏப்ரல் 6ஆம் தேதி 895ஆவது கோல் போட்டு கிரெட்ஸ்கியைத் தாண்டுனாரு, அதுவும் தன்னோட 1487ஆவது மேட்ச்ல, கிரெட்ஸ்கி மொத்தமா ஆடுனதும் சரியா 1487 மேட்ச்தான். அது ஞாயித்துக்கிழமை, நமக்கு ராத்திரி, கடை லீவு. அண்ணாச்சி அதுக்காகவே ஷட்டரைத் தூக்கிட்டாருன்னு சொன்னாங்க. நான் அப்ப இந்தக் கடைக்கு வர ஆரம்பிக்கல, பென்டிரைவ்லதான் பாத்தேன், வழக்கமா நிக்கிற இடதுபக்க வட்டத்துல இருந்து ஒரு ஷாட், போட்டுட்டு வயித்தை வச்சு ஐஸ்ல சறுக்கிட்டுப் போறாரு, கிரெட்ஸ்கியே அரங்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரு.

அப்ப கிரெட்ஸ்கி கீழயான்னு கேட்டா, இல்ல. ஒருத்தன் தன் காலத்து ஆளுகளை விட எம்புட்டு தூரம் முன்னாடி நின்னான்னு பாக்கணும். கோல் மலிஞ்ச காலம்னா அது எல்லாருக்கும்தானே மலிவு, அந்த 92 கோல் சீசன்ல கிரெட்ஸ்கிக்கு 212 பாயிண்ட், ரெண்டாவது வந்த மைக் பாஸிக்கு 147. மெக்டேவிட்டோட 153க்கு ரெண்டாவது அவன் டீம்லயே இருக்கிற டிரைசைட்டல், 128. 65 பாயிண்ட் இடைவெளியும் 25 பாயிண்ட் இடைவெளியும் ஒண்ணாகுமா? இன்னைக்கு உள்ள பிள்ளைங்க ஓட்டத்துலயும் கைவேலையிலயும் பழைய ஆளுகளை விட மேலதான், அதை நான் ஒத்துக்கிடுதேன், கண்ணால பாக்கேனே. ஆனா கூட ஆடுனவங்களை இம்புட்டு தூரம் விட்டுட்டுப் போன இன்னொருத்தரை நான் பாக்கல.

அண்ணாச்சி இந்தச் சண்டைல எங்க யாரு பக்கமும் கிடையாது, அவருக்கு பாபி ஆர் (Bobby Orr)தான் எல்லாம். டிஃபென்ஸ் ஆடிக்கிட்டே ரெண்டு சீசன்ல லீக்லயே அதிக பாயிண்ட் எடுத்த மனுஷன், முழங்கால் போயி 30 வயசுலயே நின்னுட்டாரு. 1970 மே 10, பாஸ்டன் டீம் ஸ்டான்லி கப் ஜெயிச்ச அந்த ஓவர்டைம் கோல், ஆர் கோல் போட்டுட்டு இடறி காத்துல பறக்குற அந்தக் காட்சியை வாரம் ஒரு தடவையாவது போடுவாரு. எல்லாரும் பறக்குறவரைப் பாப்பாங்க. என் மகன் ஒரு நாள் வடையைக் கையில வச்சுக்கிட்டு, கோல் வாங்குன கோலி யாரு தாத்தான்னு கேட்டான். க்ளென் ஹால்னு சொல்லி டிவியை நிறுத்திட்டு அண்ணாச்சி அரை மணி நேரம் பேசுனாரு, 1955ல இருந்து 62 வரைக்கும் ஒரு மேட்ச் விடாம தொடர்ந்து 502 மேட்ச் முழுசா நின்னவரு, அத்தனையும் முகத்துல மாஸ்க் இல்லாம. என் மகன் மடியில இருந்த ஹெல்மெட்டை ஒரு தடவை பாத்துக்கிட்டான். இப்பல்லாம் ஒரு டீம்ல ரெண்டு கோலி மாத்தி மாத்தி ஷிஃப்ட் போட்டு நிக்கிற காலத்துல, 502ஐ எவன் தொடுவான்? யாரும் தொட மாட்டாங்க.

குறையும் இருக்கு. கை கழுவ ஒரே ஒரு டிரம்மு, பிள்ளைங்க கூட்டமா வந்தா தண்ணி தீந்துரும், டாய்லெட் கிடையாது, டிவிக்கு எதிர்ல இருக்கிற பெஞ்சுல ஒரு கால் ஆடுது, ஓரத்துல உக்காராதீங்க. மழை பேஞ்சா தகரச் சத்தத்துல கமெண்ட்ரி கேக்காது. ரெண்டு தடவை மேட்ச்சோட கடைசிப் பகுதியான மூணாவது பீரியட்ல நெட் போயிருச்சு, அதுக்கு அண்ணாச்சி என்ன செய்வாரு பாவம்.

திருநெல்வேலில இருந்து வாரவங்க முதல் பஸ்ஸைப் பிடிச்சா பாதி மேட்ச்சாவது கிடைக்கும். சில்லறை கொண்டாங்க, கார்டு கிடையாது. வடைக்கு தேங்காய்ச் சட்னி வேணும்னா ஏழு மணிக்குள்ள கேட்டுருங்க.