யானையைத் தொலைத்த சேனலும் மஞ்சள் சட்டகத்தை விடாத சேனலும்

எங்கள் காரைக்குடி வீட்டு முகப்பில் கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் சுதை யானைகள் நிற்கின்றன. கொள்ளுத்தாத்தா காலத்தில் வைத்தவை. பெயிண்ட் மட்டும் அவ்வப்போது மாறும். அதனாலோ என்னவோ, டிவியில் யானை காணாமல் போனதை வீட்டில் முதலில் கவனித்தது அப்பத்தாதான். “யானைச் சேனலை எங்கேடா காணோம்?”

சேனல் அதே இடத்தில்தான் இருந்தது, முத்திரைதான் போயிருந்தது. 1996 அக்டோபரில் டிஸ்கவரி நிறுவனம் அமெரிக்காவில் அனிமல் பிளானட்டைத் தொடங்கியபோது, உலக உருண்டையை நோக்கித் தும்பிக்கை நீட்டும் யானைதான் அதன் அடையாளம். 2008-ல் இரண்டையும் தூக்கிவிட்டுப் பச்சை எழுத்துகளை வைத்தார்கள். அதில் ‘எம்’ மட்டும் ஒருக்களித்துப் படுத்திருக்கும். எனக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை.

முத்திரையோடு சரக்கும் மாறியதுதான் பெரிய விஷயம். அந்தச் சேனலில் முதலைகளோடு புரண்ட ஸ்டீவ் இர்வின் 2006-லேயே திருக்கை மீன் குத்தி இறந்துவிட்டார். அப்புறம் வந்தவற்றில் விலங்கைவிட மனிதர்கள் அதிகம். 2012-ல் கடற்கன்னி இருப்பதாக ஆவணப்படம் போலவே ஒரு கற்பனையை ஒளிபரப்பினார்கள். நம்பிக் கேட்டவர்களுக்கு, அப்படி எதற்கும் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க அரசின் கடல் ஆய்வு அமைப்பே பதில் எழுத வேண்டியதாயிற்று!

இன்னொரு விலங்குச் சேனலான நேட் ஜியோ வைல்ட் வயதில் இளையது. 2006-ல் ஹாங்காங்கில் தொடங்கி, 2010 மார்ச்சில் அமெரிக்காவுக்குப் போனது. நேஷனல் ஜியோகிராஃபிக் பத்திரிகை அட்டையிலிருந்து வந்த மஞ்சள் சட்டகம் கூடவே இருந்ததால், தான் யார் என்று புதிதாகச் சொல்ல வேண்டிய தேவையே அதற்கு இல்லை. சிங்கம், சிறுத்தை வேட்டை பார்க்க என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் இதுவும் சுத்தக் காடு இல்லை. பேர்தான் வைல்ட், அங்கே நன்றாக ஓடிய தொடர்களில் ஒன்று போல் என்ற அமெரிக்க மிச்சிகன் கிராமத்து மாட்டு டாக்டரின் கதை. தோள்வரை கையை விட்டுக் கன்றை இழுப்பார். அப்பத்தா காபி ஆறுவது தெரியாமல் பார்ப்பார். “மெதுவா இழுங்க தம்பி” என்று டிவிக்கே சொல்வார்.

சோனி பிபிசி எர்த் 2017-ல் இந்தியாவுக்கு வந்தது. படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், ஆனால் எங்கள் வீட்டில் அது யாருக்கும் பழகவில்லை.

2018-ல் அனிமல் பிளானட் மறுபடி யானைக்கே வந்தது: துள்ளிக் குதிக்கும் நீல யானை. வரைந்தது நியூயார்க்கின் செர்மயெஃப், கெய்ஸ்மர், ஹவிவ் நிறுவனம். போட்டியாளரான நேஷனல் ஜியோகிராஃபிக்கின் முத்திரைக்கும் வேலை செய்தவர்கள் இவர்களே!

புது யானையை அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது அது இல்லடா. அது போட்ட குட்டி.”