கால் எரிச்சலுக்கு "சுகர் நரம்பு" என்று முத்திரை குத்தி ஆறு மாத பேக்கேஜ் தலையில் கட்டினார்கள்: உஷாராக இருங்கள்

அம்மாவுக்கு வயது 61. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. போன ஆடி மாதம் இரண்டு பாதமும் எரிகிறது, மதமதவென்று இருக்கிறது என்றார். ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவருக்கு, இடது கால் செருப்பு வழியில் எங்கோ கழன்றுபோனது வாசற்படியில் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. எனக்குப் பகீரென்றது.

அந்த வாரமே பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இலவச நரம்புப் பரிசோதனை முகாம் என்று நோட்டீஸ் வந்தது. கூட்டிப் போனேன். பாதத்தில் ஆறு இடத்தில் அதிரும் முனையை வைத்துப் பார்க்கும் கருவி, பயோதீசியோமீட்டர். 31 வோல்ட் என்று காட்டியது. கோட்டு போட்டிருந்தவர் அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "டயபட்டிக் நியூரோபதி சார். நரம்பு பாதிக்கு மேல செத்துப்போச்சு. இப்ப விட்டா விரலை எடுக்க வேண்டி வரும்."

பக்கத்திலேயே அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகு எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. ஆறு மாத பேக்கேஜ் 48,000 ரூபாய். அன்றைக்கே பதிந்தால் 42,000. சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தில் 28,000 கட்டினேன். வாரம் இரண்டு நாள் அவர்கள் சென்டரில் காலுக்கு மின் அதிர்வு, கூடவே மாத்திரைகள். முதல் நாளே ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நான்கு மாதம் போனது. நரம்பு எரிச்சலை அடக்கும் ப்ரீகாபலின் மாத்திரையை 75 மில்லிகிராமில் ஆரம்பித்து 150 ஆக்கினார்கள். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது உண்மை. ஆனால் அம்மா பகலெல்லாம் தூங்கி விழுந்தார். ஒரு ராத்திரி பாத்ரூமில் விழுந்து இடது மணிக்கட்டில் விரிசல். போய்ச் சொன்னால், "மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், பழகிடும்" என்றார்கள்.

என்னை உலுக்கியது வேறு ஒன்று. அம்மா தினமும் சாயங்காலம் மல்லிகை வாங்கிக் கட்டுவார். மணிக்கட்டு கூடிய பிறகு பூவை எடுத்து உட்கார்ந்தார். நார் விரலில் நிற்கவில்லை. அடிபடாத வலது கையிலும் அதே கதி. நாலு பூ வைப்பார், நழுவும், மறுபடி எடுப்பார். "விரல் நுனியில துணி சுத்தின மாதிரி இருக்குடா" என்றார். இன்னொன்றும் கவனித்தேன். முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் அப்படியே குழாய்ப் பக்கம் சாய்ந்தார்.

இன்னொரு டாக்டரிடம் காட்டலாம் என்று ரிப்போர்ட்டைக் கேட்டேன். "ஃபைல் சென்டரை விட்டு வெளியே போகாது சார், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" இந்த இடத்தில்தான் பலரும் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுகிறோம். கூச்சப்பட வேண்டியதில்லை. நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளில் இருக்கிறது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் ஓர் உரிமை. இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நகல் வந்தது.

அப்புறம் பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்குப் போனோம். வெளிநோயாளி சீட்டு, இரண்டு மணி நேரம் வரிசை. அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. அப்பா போனதிலிருந்து அம்மா கவுச்சி தொடுவதில்லை, வரக்காப்பிதான், பாலும் கிடையாது. அடுத்தது மாத்திரை: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பன்னிரண்டு வருடமாக, தினம் 2 கிராம். நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் ஐந்து வருடமாக. சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், கால் வெடுக்கென்று எகிறியது. உள்ளங்காலைச் சாவியால் கீறினார், கட்டைவிரல் மேல்நோக்கித் தூக்கியது. பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்து, "கண்ணை மூடுங்கம்மா" என்றார். "தள்ளுதே தாயி" என்று அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வெறும் சுகர் நரம்புன்னா இப்படி இருக்காது. தண்டுவடத்துக்கும் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, சென்டர் கொடுத்த ரத்த ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். எம்.சி.வி. 112. சிவப்பணுவின் அளவு அது. 100-க்குள் இருக்க வேண்டும். பி12 வைட்டமின் குறைந்தால் பெரிதாகும். கவுச்சியிலும் பாலிலும்தான் அது முக்கியமாகக் கிடைக்கும், அந்த இரண்டு மாத்திரைகளாலும் குறையலாம். அதனால்தான் முதலில் அவற்றைக் கேட்டிருக்கிறார். முதல் நாள் ரத்தத்திலேயே துப்பு இருந்திருக்கிறது. நான்கு மாதம் அதை ஃபைலில் வைத்துக்கொண்டு காசு வாங்கியிருக்கிறார்கள். இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

பி12 எடுத்துப் பார்த்தால் 114. 200-க்குக் கீழே போனாலே குறைபாடு. கழுத்துப் பகுதியில் தண்டுவடத்துக்கு அழுத்தம் ஏதும் இல்லை என்று எம்.ஆர்.ஐ.யிலும் உறுதிசெய்துகொண்டு பி12 ஊசி தொடங்கினார்கள். சென்டர் தந்த "நரம்புச் சத்து" மாத்திரையில் பி6-ம் ஃபோலிக் ஆசிடும்தான் இருந்தன, பி12 இல்லை. பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். பி6-ஐ அளவுக்கு மீறி நெடுநாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து, அம்மா இன்றும் சாப்பிடுகிறார். ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம் என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் எச்சரித்திருக்கிறது. அந்த அதிர்வுக் கருவியும் பொய்க் கருவி இல்லை. 25 வோல்ட்டைத் தாண்டினால் காலில் புண் வரும் ஆபத்து அதிகம் என்று சொல்லும். உணர்ச்சி ஏன் குறைந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைத் தேட வேண்டியது டாக்டர். தைராய்டு, சிறுநீரகம், குடிப்பழக்கம், முதுகெலும்பு அழுத்தம் என்று காரணம் எத்தனையோ இருக்கலாம். சர்க்கரை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் போடுகிறவரிடம் "பி12 பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். சத்து மாத்திரை தொடங்குவதற்கு முன்பே பாருங்கள், அப்புறம் பார்த்தால் அளவு ஏமாற்றும். கையில் மதமதப்பு, தள்ளாட்டம் என்று வந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்று மட்டும் கவனம்: கோபத்தில் ப்ரீகாபலினைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அம்மாவுக்கும் டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைத்தோம்.

ஊசி தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. விரல்களில் உணர்ச்சி திரும்பிவிட்டது, போன வாரம் இரண்டு முழம் கட்டினார். பாதத்தில் மதமதப்பு இருக்கிறது. கொஞ்சம் சர்க்கரையின் பங்கும் இருக்கலாம், தாமதமானதால் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. முகம் கழுவும்போது இன்னமும் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்கிறார்.

28,000 ரூபாயைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. அடுத்து நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகப்போகிறேன்.