தேரோடும் வீதிக்கு 85 மி.மீ.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே நம்பியிருந்தார் என்பதால், தெருப் புகைப்படத்துக்கு 35 அல்லது 50 என்பது வேதவாக்காகிவிட்டது. எண் கூடிய நீள லென்ஸில் பார்வை குறுகும், தூரத்தில் இருப்பது அருகில் தெரியும். நியூயார்க் தெருக்களில் புகைப்படக் கலைஞர் சால் லீட்டர் 90, 150 மி.மீ. லென்ஸ்களையும் மாட்டிக்கொண்டு அலைந்ததை ஏனோ அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சர் கொண்ட) கேமராவில் எஃப் 1.8 துளையுள்ள (எஃப் எண் குறைந்தால் துளை பெரிது) 85 மி.மீ. லென்ஸைப் பல வருடங்களாக வைத்திருக்கிறேன். திருவாரூர், கும்பகோணம், தஞ்சாவூர் வீதிகளுக்கு இதுதான் சரி என்பது என் கட்சி. ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை கிடைமட்டப் படத்தில் அடக்க 35 மி.மீ.க்கு மூன்று மீட்டர் போதும். 85க்கு ஏழு மீட்டர் வேண்டும். தேர் திரும்புவதற்காக அமைந்த வீதிகளில் அந்த ஏழு மீட்டர் தாராளமாகக் கிடைக்கிறது. இந்தப் பக்கத் திண்ணையோரம் நின்று எதிர்ப்பக்கப் பூக்கடையை எடுக்கலாம். 35 வைத்திருப்பவர் நடுத்தெருவுக்கு வந்து மினி பஸ்ஸுக்கு வழிவிட்டபடி எடுக்க வேண்டும்.

கோபுரம் இன்னொரு காரணம். 85இல் எடுத்தால், கும்பகோணம் சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தேநீர்க் கடைக்குப் பின்னால் சுவர்போல எழுந்து நிற்கும். இதை லென்ஸின் மாயம் என்பார்கள். உண்மையில் தள்ளி நிற்பதால் வருவது. கடையை நெருங்கினால் கடை பெரிதாகிறது, கோபுரம் அதே அளவில் பின்தங்கிவிடுகிறது.

நீள லென்ஸ் கோழைகளுக்கானது என்ற ஏச்சையும் கேட்டிருக்கிறேன். ஏழு மீட்டரில் யார் ஒளிய முடியும்? "எந்தப் பேப்பர் தம்பி?" என்ற கேள்வி தவறாமல் வரும். ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையில் பெண்கள் காதோலை கருகமணி வைத்துப் படைக்கும்போது, மேல்படியில் நின்றபடி அவர்கள் வட்டத்துக்குள் கால் வைக்காமல் எடுக்க முடிகிறது. குளிக்கும் பக்கம் எந்த லென்ஸையும் திருப்பக் கூடாது; அதில் எனக்கு விவாதமே இல்லை.

கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் இதற்கு வேலையில்லை. பாத்திரக் கடை நெரிசலில் பின்னால் நகர இடம் ஏது? அங்கே 28 மாட்டிவிடுவேன். திருவாரூர் கமலாலயக் குளத்தின் எதிர்க்கரைக்கோ 85 எட்டாது; 'குளம் ஐந்து வேலி' (வேலி பழைய நில அளவு) என்று சும்மாவா சொன்னார்கள், ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள். சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் கானல் அலைந்து, தூரத்து முகங்கள் குழைந்துபோகும். எஃப் 8இல் ஏழு மீட்டருக்குக் குவியம் வைத்தால் ஏறக்குறைய ஐந்தே முக்காலிலிருந்து ஒன்பது மீட்டர் வரை தெளிவு கிடைக்கும், எஃப் 1.8இல் அது முக்கால் மீட்டராகச் சுருங்கிவிடும். அந்திக்குப் பின் பிரகாரத்தில் துளையை முழுதாகத் திறந்தே ஆக வேண்டும் என்பதால், நடப்பவர்களை விட்டு உட்கார்ந்திருப்பவர்களைத்தான் எடுக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸைத் தோல் பைக்குள் பூட்டி வைக்காதீர்கள், கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா போதும்.

ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சர்) கேமரா வைத்திருப்பவர்கள் உடனே காசைக் கொட்ட வேண்டாம். வீட்டிலிருக்கும் 50 மி.மீ. லென்ஸே அதில் 75, 80 மி.மீ.யின் பார்வையைத் தரும். அதை மாட்டிக்கொண்டு ஒரு தேரோட்டம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.