டிங்கியைப் பின்மேடையில் பொருத்தக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு: அடிப்பக்கத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கனடாவின் வான்கூவர் தீவில் சிட்னி நகரை அடுத்த ஒரு படகுப் பட்டறையில், எங்கள் 26 அடி மோட்டார் படகில் டிங்கியையும் (கரைக்குப் போய்வர உதவும் சிறு படகு) அதன் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரையும் வைப்பதற்கான அமைப்பைச் செய்துதரும்படி கொடுத்து, அதற்காக 1,940 டாலர் செலுத்தினோம். அந்த வேலை முதல் நீண்ட பயணத்திலேயே கைவிட்டது. பணம் போனதைவிட, எங்களைப் பெரும் ஆபத்தில் வைத்துவிட்டு அதை ஒப்புக்கொள்ளவும் மறுத்தார்களே என்பதுதான் இன்னும் ஆறவில்லை. இந்தக் கோடையில் அருகிலுள்ள கல்ஃப் தீவுகளுக்குப் புறப்படும் எவருக்கும் இது நேரக்கூடாது என்பதற்காக விவரமாக எழுதுகிறேன்.

அங்குள்ள பல விரிகுடாக்களில் படகுத்துறை கிடையாது. நங்கூரமிட்டுவிட்டு டிங்கியில்தான் கரைக்குப் போக வேண்டும். எங்களுடையதைப் போன்ற சிறிய படகில் மேல்தளத்தில் அதற்கு இடம் இருக்காது என்பதால், காற்றடைத்த டிங்கியின் ஒரு பக்கக் குழாயைப் பின்மேடை (படகின் பின்புறம் நீருக்குச் சற்று மேலே நீண்டிருக்கும் மேடை) விளிம்பில் உள்ள கொக்கிகளில் மாட்டி, அதைச் செங்குத்தாக நிமிர்த்திப் படகின் பின்சுவரோடு கட்டிவைப்பது வழக்கம். மேடையில் திருகப்படும் கொக்கிகள், டிங்கியில் ஒட்டப்படும் பட்டைகள் ஆகிய இரண்டும் உறுதியாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். எங்களுக்குக் கொடுத்த ரசீதில், மேடையை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகள், அவற்றின் அடியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள், இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் பசை என்று மூன்றையும் எழுதித்தான் பணம் வாங்கினார்கள்.

மான்டேகு துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஆக்டிவ் பாஸ் என்ற குறுகிய நீர்வழியின் மேற்கு வாயிலருகே, கடந்துசென்ற ஃபெரியின் அலை பின்புறம் வந்து மோதியது. அசாதாரணமான அலை அல்ல. அந்த வழியில் தினமும் வருவதுதான். ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஓர் ஓசை கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது, பட்டைகளில் ஒன்று முழுதாகப் பெயர்ந்து, டிங்கி மற்றொன்றில் தொங்கியபடி நீரை அள்ளிக்கொண்டிருந்தது. சுக்கானில் இருந்த என் மனைவி உடனே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். இல்லாவிட்டால் அதன் கயிறு புரொப்பெல்லரில் சுற்றியிருக்கும். டிங்கியை எப்படியோ இழுத்துக் கட்டிக்கொண்டு மெதுவாக டிரின்கோமாலி கால்வாய்க்குள் நுழைந்தோம். (1817ஆம் ஆண்டு பம்பாயில் கட்டி முடிக்கப்பட்டு, நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பலின் நினைவாக அந்த நீர்வழிக்கு வைத்த பெயர் அது. அந்தப் பெயரைக் கடல் வரைபடத்தில் பார்க்கும்போதெல்லாம் மகிழ்பவன் நான். அன்று அதைப் பார்க்கவும் மனம் வரவில்லை.)

நங்கூரமிட்ட பின் மோட்டாரை டிங்கியில் மாட்டிக் கயிற்றை இழுத்தால், கயிறு அசையவே இல்லை. அது நான்கு ஸ்ட்ரோக் மோட்டார். அத்தகைய மோட்டாரைப் படுக்கவைத்தே ஆக வேண்டுமென்றால், தயாரிப்பாளரின் கையேடு காட்டும் பக்கத்தில் மட்டுமே படுக்கவைக்க வேண்டும். மாற்றிப் படுக்கவைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். மோட்டாரை வைக்கப் பட்டறையினர் அமைத்துக்கொடுத்த தொட்டிலோ தவறான பக்கத்தில் மட்டுமே பொருந்தும்படி இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கயிற்றை இழுத்தபோது எண்ணெய் என் சட்டையெங்கும் தெறித்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை நடுங்கவைத்தது அன்றிரவு நடந்ததுதான். படுக்கப் போகும் நேரத்தில் பெட்ரோல் வாடை வந்தது. டிங்கிக்கான 12 லிட்டர் டாங்கிற்கு "தனி இடம்" செய்திருப்பதாகப் பட்டறையில் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இடம், பேட்டரிகள் இருக்கும் மூடிய அறையின் மறுபாதி! பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாமல் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். பிறகு ஒரு சுவிட்சின் பொறி போதும். விளக்கையோ பம்பையோ தொடாமல், இருட்டில் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, டாங்கை வெளியே தூக்கி வைத்துவிட்டு, விடியும்வரை இருவரும் பின்தளத்திலேயே உட்கார்ந்திருந்தோம். படகுத் தொழிலையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

திரும்பியதும் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினோம். போல்ட்டுகளும் இல்லை, தகடுகளும் இல்லை. ஃபைபர் மேடையின் மேல்தோலில் வெறும் திருகாணிகளை முடுக்கியிருந்தார்கள். அவர் ஒன்றைக் கழற்றியதும் துளையிலிருந்து தேநீர் நிறத்தில் நீர் சொட்டியது. நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பூசாததால், உள்ளே இருக்கும் பால்சா மரம் ஊறத் தொடங்கிவிட்டது என்று அவர் சொன்னார். பெயர்ந்த பட்டையின் பின்னால் பசை காய்ந்த ஏடுபோல உரிந்து வந்தது. எங்கள் டிங்கி ஹைப்பலான் துணியால் ஆனது, பி.வி.சி.க்கான பசை அதில் பிடிக்காது. பட்டறையினர் எங்கள் அலமாரியில் மறந்துவிட்டுப் போன டப்பாவின் மூடியில் பி.வி.சி. என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. டிங்கியை நிமிர்த்தி வைத்தால் படகின் பின்விளக்கு மறைந்துவிடுகிறது என்பதையும் அவர்தான் சுட்டிக்காட்டினார்.

பட்டறையினரின் பதில், "ஃபெரி அலைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற ஒரே வரி. நீங்கள் இத்தகைய வேலையைக் கொடுத்தால், மேடைக்கு அடியில் கைபேசியை நீட்டி ஒவ்வொரு நட்டையும் தகட்டையும் படமெடுத்துக்கொண்ட பிறகே பணம் கொடுங்கள். டிங்கியின் துணி எது, பசை எது என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். மோட்டாரை நேராக நிற்கவைக்கும் தாங்கியைக் கேளுங்கள். பெட்ரோல் டாங்கை மூடிய அறைக்குள் வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

பழுதுபார்க்க மேலும் 2,650 டாலர் ஆனது. 5,000 டாலர் வரையிலான வழக்குகளை விசாரிக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயத்தில், இரண்டு தொகைகளையும் சேர்த்துக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். ரசீதுடன் அந்த டப்பா மூடியின் படத்தையும் இணைத்திருக்கிறேன். இப்போதைக்கு டிங்கியைக் காற்றிறக்கிச் சுருட்டி முன்தளத்தில் கட்டிவைத்துத்தான் பயணம் செய்கிறோம்.